கழுவிவைத்த வாய்க்கால்

எனக்கு மூக்கு நீளம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பார்வைக்கு அல்ல, வேலை செய்வதில். நாகூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கருவாடு காயும். காற்று அடிக்கிற பக்கத்தை வைத்தே அன்றைக்கு வெயிலில் கிடப்பது நெத்திலியா வாளையா என்று சொல்லிவிடுவேன். வாப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம், "எம் பொண்ணு மோந்து பாத்தே பட்டம் வாங்கிடும்" என்பார். பாதி பலித்தது. வேதியியல் படித்து, தஞ்சாவூரில் மாசு ஆபீஸ் என்று எல்லோரும் சொன்ன அலுவலகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன்.

கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி, நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தன் பெட்டியை நகர்த்தி வைப்பாள். மீன் வாடை வருகிறதாம். நான் கொண்டுவந்தது உம்மா கட்டிக்கொடுத்த தேங்காய்ப்பால் முறுக்கு. அதில் மீன் எங்கிருந்து வரும்? ஆனாலும் அன்று இரண்டு தடவை குளித்தேன். குளித்ததற்காகவும் சேர்த்து அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இந்தக் கதைக்கு அது வேண்டியிருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

என் வேலை வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஜீப்பில் போய் வாய்க்காலில் இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, நின்ற இடத்திலேயே இரண்டு மருந்து ஊற்றிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பாட்டிலுக்குள் பழுப்பாக வண்டல் திரளும். அறவே இல்லையென்றால் வெள்ளையாகத் திரளும். புதிதாகப் பார்க்கிறவர்கள் வெள்ளையைக் கண்டு முகம் மலர்வார்கள். அது செத்த தண்ணீர் என்று சொன்னால் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மற்றதையெல்லாம் ஆய்வகத்தில் கொண்டுபோய்ப் பார்ப்போம். படிவத்தில் மணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு மட்டும் கருவி கிடையாது. என் மூக்குதான் அரசாங்கத்தின் மூக்கு.

அலுவலகம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஆட்சி மாறினால் சுவரில் படம் மாறும். எங்கள் பியூன் இறக்கிய படத்தைத் துடைத்துத் துணி சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைப்பார். "அடுத்த தேர்தலுக்கு எடுத்துக் குடுக்கணும்ல" என்பார். அவரைப் போல முன்யோசனை உள்ளவர் அந்த அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஒரு ஆடி மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த அக்கா மாடிப்படி ஏறி வந்தார். நாற்பதைக் கடந்தவர். இஸ்திரி போட்ட சேலை, எண்ணெய் வைத்து இறுக்கிச் சீவிய தலை. கையில் ஈரத்துணியில் சுற்றிய அழுகின நாற்று. தண்ணீரும் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டேன்.

"கீழ மரத்தடியில வச்சிருக்கேங்கம்மா. உள்ள கொண்டாந்தா ஆபீஸ் நாறிடும்ங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கேனை மூன்று பாலிதீன் உறைகளுக்குள் போட்டுக் கட்டியிருந்தார். பஸ்ஸில் அதை வைத்துக்கொண்டு வந்ததற்குக் கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்திருக்கிறார். மூடியைத் திருகினேன். புளித்த கஞ்சியும் சாக்கடையும் கலந்த வாடை. நெல் ஊறவைத்த தண்ணீர் என்று என் மூக்கு உடனே சொல்லிவிட்டது. ஆனால் வருகிறவர்கள் கொண்டுவரும் தண்ணீரை நாங்கள் ஏற்க முடியாது. நாங்களே போய்ப் பிடித்தால்தான் செல்லும். அதைச் சொன்னதும் அவர் முகம் வாடவில்லை. "அப்ப வாங்க" என்றார்.

அவருடைய ஊர் மயிலாடுதுறைக்குத் தெற்கே, வாய்க்கால்கள் மெலிந்துபோகிற கடைமடைப் பக்கம். ஊர் என்றால் மேலத்தெரு. அவர் இருந்தது அதற்குக் கீழே காலனியில். அவருக்கு மூன்று மா நிலம் இருந்தது, அதாவது ஒரு ஏக்கர். நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு மிராசுதாரிடமிருந்து எடுத்து அரசு கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. அவர் கணவர் கூலி நெல்லுக்காகவும் நிலத்துக்காகவும் கொடி பிடித்து உள்ளே போய்வந்தவர். கையில் பட்டா வந்தபோது அவருக்கு முதுகு போயிருந்தது. வயலை அந்த அக்காதான் பார்த்தார்.

நிலம் போன மிராசுதார் குடும்பம் மேலே நவீன அரிசி ஆலை வைத்தது. அண்ணன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி. ஆகவே எந்த ஆட்சி வந்தாலும் ஆலைக்குக் கரண்ட் தடையில்லாமல் வந்தது. ஆலை, புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்த தண்ணீரை வடிகாலில் விட்டது. அந்த வடிகாலின் கீழ்முனைதான் காலனிக்குப் பாசன வாய்க்கால். எங்கள் டெல்டாவில் இது புதுமை இல்லை. மேலூர் வடித்துவிடுகிற தண்ணீரைத்தான் கீழூர் பாய்ச்சிக்கொள்ளும். நாகூரில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோரும் வடித்ததும் கடைசியில் எங்கள் ஊரில்தானே கடலைத் தொடுகிறது.

இரண்டு வருஷமாக அந்த அக்காவின் நாற்றங்கால் விதைத்த பத்தாம் நாளே அழுகியது. விலைக்கு நாற்று வாங்கி நட்டும் தேறவில்லை. இந்தச் சம்பாவுக்கும் நாற்று போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடும்படி ஆலையிலிருந்து ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உமியும் சாம்பலும் கொட்டுவதற்கு இடம் வேண்டுமாம். போராடி வாங்கின மண், பறிகொடுத்தவன் வீட்டுச் சாம்பல்மேடாகத் திரும்பிப் போகும். அந்த அக்கா மறுபடி மேலத்தெரு வயல்களில் நடவுக்கூலியாகப் போக வேண்டும்.

"எனக்கு அது ஆவாதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, கும்பிடவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் எங்களிடம் முதலில் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. வேளாண்மைத் துறையில் சொல்லியிருக்கிறார். அவர்கள் வந்து பார்த்து, சத்துக் குறைவு என்று ஜிங்க் சல்பேட் மூட்டை கொடுத்தார்கள். ஊராட்சி ஒன்றியத்தில் சொல்லியிருக்கிறார். அவர்கள் கரை நெடுகப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். பொதுப்பணித் துறையில், வடிகால் எங்களுடையது, அதில் ஓடுகிற அழுக்கு எங்களுடையது அல்ல என்றார்கள். ஒருவரும் விரட்டவில்லை. ஒவ்வொருவரும் தன் கையிலிருந்த மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள், கையில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும். எங்களிடம் இருந்தது பாட்டில்.

எங்கள் அலுவலகத் தலைவர் நல்லவர், பயந்தவர். இரண்டும் சம அளவில் கலந்திருக்கும். தனியாகப் போனால் கட்சிக்காரர்கள் பேசுவார்கள் என்று வேளாண்மைத் துறையையும் பொதுப்பணித் துறையையும் சேர்த்துக் கூட்டாய்வு என்று ஏற்பாடு செய்தார். முறைப்படி எல்லோருக்கும் கடிதம் போனது. ஆவணி முதல் வாரத்தில் ஒரு ஜீப்பில் நானும், வேளாண்மை அலுவலரும், பொதுப்பணித் துறைப் பொறியாளரும் கிளம்பினோம். பொறியாளர் பூதலூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிற மனிதர். மழையோ வெயிலோ குடை கையில் இருக்கும். தண்ணீரை மட்டத்தாலும் வேகத்தாலும் மட்டும் அறிந்தவர். "உங்க தண்ணிக்கு வாசனை எல்லாம் உண்டாம்மா? எங்க தண்ணிக்குக் கன அடி மட்டும்தான்" என்று வழியெல்லாம் என்னைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இடத்தைச் சுத்தம் செய்யாமல் இருக்க எங்கள் மக்களால் முடியாது. கலெக்டர் வருகிற ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு விழும். பள்ளி ஆய்வாளர் வருகிற அன்று ஒழுகும் கூரைக்கு அடியில் கோலம் போடுவார்கள். குறையைச் சொல்லிக் கூப்பிட்டவர்களே, வருகிற நாளன்று குறையை மூடிவைத்துவிட்டு மாலையோடு நிற்பார்கள். கேட்டால் மரியாதை என்பார்கள். அது மரியாதைதான்.

காலனி வாய்க்கால் கரையில் ஜீப் நின்றது. இறங்கினேன். மூக்கை இழுத்தேன். ஈர மண், அறுத்த புல், வேறொன்றும் இல்லை.

ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். கரையைச் செதுக்கிப் புல் வெட்டியிருந்தார்கள். வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் தெளிவாகச் சலசலத்து ஓடியது. அந்த அக்கா புதுச் சேலையில், பக்கத்தில் பத்துப் பெண்களோடு, சிரித்த முகமாக நின்றார். ஒரு தட்டில் வெற்றிலைகூட இருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"ரெண்டு நாளா எறங்கி வாருனோம்மா. லஸ்கர் அண்ணன்ட்ட சொல்லி மேல மதவத் தொறக்கச் சொன்னோம். ராவெல்லாம் ஓடி அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. பெரிய ஆபீசருங்க வர்றீங்க, நாறுற எடத்துலயா நிக்க வைக்கிறது?"

லஸ்கர் என்பது மதகுகளைத் திறந்து மூடுகிற பொதுப்பணித் துறை ஊழியர். அவரும் அங்கேதான் விறைப்பாக நின்றார். பொறியாளர் அவரைப் பார்த்தார். "ஐயா வர்றீங்கன்னுதாங்கய்யா" என்றார் அவர். பொறியாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் குடையை வாய்க்காலில் விட்டுவிட்டார். அது என்ன வேகத்தில் போனது என்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கே எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டிலைப் பிடித்து மருந்தை ஊற்றிக் குலுக்கினேன். நல்ல அடர்ந்த பழுப்பு. ஆலையின் மேற்பார்வையாளர் வெள்ளை வேட்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "ஐயய்யோ, கலங்கிப் போச்சே!" என்று பொய்யாக வருத்தப்பட்டார். இது நல்ல தண்ணீருக்கு அடையாளம் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். அந்த அக்காவின் முகம் மலர்ந்தது. தான் வைத்திருந்த சுத்தத்துக்குக் கிடைத்த நற்சான்று என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து டீ சாப்பிட்டுப் போகச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டோம். உண்மையில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முடிவு வந்ததும் தலைவர் கோப்பை மூடப் போனார். நான் கத்தினேன். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் கத்தியதில்லை, பியூன் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தலைவர் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். கடைசியில், "இன்னும் ஒரே ஒரு தடவை. இந்த வாட்டியும் நல்லா இருந்துச்சுன்னா நீயும் மறந்துடணும், நானும் மறந்துடுவேன்" என்றார். ஊருக்கு முன்கூட்டிக் கடிதம் போடாமல் இருக்கப் பொறியாளர் வழி சொன்னார். மதகுப் பரிசோதனை என்று அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அவர் ஜீப்பில் நான் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்குப் புதுக் குடையும் வாங்க வேண்டியிருந்தது, அந்த வயிற்றெரிச்சலும் உள்ளே இருந்தது.

புரட்டாசி பிறந்தால் மேலூரில் குறுவை அறுப்பு. ஆலைக்கு நெல் வந்து குவியும். அப்போது அவர்களால் தண்ணீரை அடக்கிவைக்க முடியாது. கடைமடையில் சம்பாவுக்கு நாற்று விடுகிற நேரமும் அதுதான். போனால் அப்போது போக வேண்டும். ஒரே ஒரு தடைதான் இருந்தது. அது அந்த அக்கா.

நாகூருக்குப் போகிற வழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கிக் காலனிக்கு நடந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தார். கணவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். போன தடவை தண்ணீர் நன்றாக இருந்ததால்தான் ஆலைமேல் நடவடிக்கை இல்லாமல் போனது என்று சொன்னபோது, புடைத்த முறம் அப்படியே நின்றது.

"அப்ப நாங்க வாருனதுதான் தப்பாப் போச்சா?"

"தப்பில்லக்கா. ஆனா இனிமே வாராதீங்க. மதகத் தொறக்கச் சொல்லாதீங்க. எப்ப வருவோம்னு சொல்ல முடியாது, ரெண்டு வாரத்துக்குள்ள வருவோம். அதுவரைக்கும் என்ன வருதோ அது அப்படியே கெடக்கட்டும்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். முதல்முறையாக என்மேல் கோபப்பட்டார்.

"உங்களுக்கு என்னங்கம்மா. காலனிக்காரங்கன்னா நாறுவாங்கன்னு இந்த ஊர்ல பொறந்ததுலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். நடவுக்குப் போனா தள்ளி நில்லும்பாங்க. கடையில தூக்கிப் போடுவாங்க. அதுக்காவே எங்காத்தா வெடியறதுக்குள்ள வாசலக் கூட்டிருவாங்க. நான் பெரிய ஆபீசருங்கள கூப்புட்டு, 'வாங்க, வந்து எங்க நாத்தத்தப் பாருங்க'ன்னு நிக்கணுமா?"

கட்டிலில் இருந்தவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் விடுதிக் கதையைச் சொன்னேன். பெட்டி நகர்ந்ததையும், மீனே இல்லாத முறுக்கையும், இரண்டு தடவை குளித்ததையும்.

"ரெண்டு தடவயா?" என்றார்.

"சோப்பு தேயுற வரைக்கும்."

அவர் சிரித்துவிட்டார். உரக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, முறத்தை எடுத்தார்.

"சரிங்கம்மா. நாறட்டும்."

அந்த நாட்கள் அவருக்கு எப்படிப் போயின என்பதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வழக்கமாகக் காலனிப் பெண்கள் காலையில் கழியால் நுரையைத் தள்ளிவிட்டு மாடுகளை இறக்குவார்கள். அதையும் வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அந்த வாரத்தில் பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து போனார்கள். அந்த வீட்டுக்காரி இவரைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். லஸ்கர் மனம் கேட்காமல், "லேசாத் தொறந்து வுடட்டுமா தங்கச்சி?" என்று இரண்டு முறை கேட்டாராம். இவர் மதகடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார், திறக்கவிடாமல்.

நாங்கள் போனது ஒரு வியாழக்கிழமை. வேளாண்மை அலுவலரையும் வழியில் ஏற்றிக்கொண்டோம். ஊருக்கு அரை மைல் முன்பே பொறியாளர் கைக்குட்டையைத் தேடினார். "உங்க தண்ணிக்கும் வாசனை உண்டு போல சார்" என்றேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

வாய்க்கால் கறுப்பாகக் கிடந்தது. மேலே பழுப்பு நுரை. கரையோரம் கெண்டைக்குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. காலனியே வெளியே வந்து நின்றது. அந்த அக்கா அதே புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கரையில், எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

முதலில் ஆலைக்கு மேலே, அதன் தண்ணீர் சேராத இடத்துக்குப் போய் ஒரு பாட்டில் பிடித்தோம். ஆலை வாய்க்குழாயில் ஒன்று. பிறகு காலனிக்கு வந்து ஒன்று. மூன்றையும் ஜீப்பின் முன்மூடிமேல் வரிசையாக வைத்து மருந்து ஊற்றினேன். ஆலை மேற்பார்வையாளரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். மேல் பாட்டில் பழுப்பாகத் திரண்டது. மற்ற இரண்டும் பால் போல வெளுத்தன.

"பாருங்க, இது ரெண்டும் வெள்ள வெளேர்னு இருக்கு. போன தடவயவிட சுத்தம்!" என்றார் மேற்பார்வையாளர்.

வெள்ளை என்றால் என்ன என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டென்று வேறு பாதை பிடித்தார். "காலனித் தண்ணி வேற எப்படிம்மா இருக்கும்? மாடும் இதுலதான், மனுசனும் இதுலதான். இவங்க இருக்குற எடம் எப்பவும் நாறத்தான் செய்யும்."

அப்போதுதான் அந்த அக்கா திரும்பினார். நடந்து வந்து ஜீப்பின் பக்கத்தில் நின்றார். மேற்பார்வையாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது எங்க நாத்தம் இல்லீங்க. மேலேருந்து வர்றது. எழுதிக்குங்க."

அவருடைய விரல் முதல் பாட்டிலின் பழுப்பையும் ஆலை வாயில் பிடித்த இரண்டாவதின் வெள்ளையையும் தொட்டுக் காட்டியது. மூன்றாவதைத் தொடவில்லை. வேளாண்மை அலுவலர் மெல்லத் தன் ஜிங்க் சல்பேட் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். பொறியாளர் லஸ்கரைக் கூப்பிட்டு, இனி இதற்கு வடிகால் என்று பெயர் இல்லை, காலனி வயலுக்குப் பாய்கிற இடத்திலிருந்து இது பாசன வாய்க்கால், அப்படித்தான் நான் பதிவேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். வாழ்நாளில் கன அடியைத் தவிர வேறெதையும் பேசாத மனிதர். அன்று நான் மனசுக்குள் அவருக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக, அரசாங்க வேகத்தில்தான் நடந்தது. நோட்டீஸ் போனது, பதில் வந்தது, விசாரணைக்கு அண்ணன் வந்தார், அடுத்த விசாரணைக்குத் தம்பி வந்தார். எங்கள் தலைவர் பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டார், ஆனால் எல்லாக் கையெழுத்தையும் போட்டார். மின்சாரத்தைத் துண்டிப்போம் என்ற கடிதம் போன பிறகுதான் ஆலையில் செங்கல் இறங்கியது. தொட்டிகள் கட்டி, தண்ணீரைத் தெளிய வைத்து, தங்கள் தென்னந்தோப்புக்கே பாய்ச்ச ஆரம்பித்தார்கள். தேங்காய் நன்றாகக் காய்க்கிறது என்று பிற்பாடு அதற்கும் பெருமை அடித்துக்கொண்டார்கள். அந்த வருஷ நாற்றுக்கு மட்டும் அவ்வளவு காத்திருக்க முடியாது. பொறியாளர் உத்தரவில் லஸ்கர் முறை வைத்து ஆற்றுத் தண்ணீரைக் காலனிக்குத் தள்ளினார். அந்த அக்கா கொஞ்சம் பிந்தித்தான் நட்டார், ஆனால் தன் நாற்றை நட்டார். சாம்பல் கொட்டக் குத்தகை கேட்டு அதன்பின் யாரும் வரவில்லை.

மறு வருஷம், அறுப்பு நேரத்தில் ஆலை சொன்னபடி நடக்கிறதா என்று சரிபார்க்க நானும் பொறியாளரும் மறுபடி போனோம். இந்த முறை தைரியமாகக் கடிதம் போட்டுவிட்டே போனோம். கரையைக் கூட்டியிருந்தார்கள். கோலம் போட்டிருந்தார்கள்.

"அக்கா!" என்றேன், ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள்.

"கரயத்தாங்கம்மா கூட்டுனோம்" என்றார். "தண்ணியத் தொடல. மதவும் மூடித்தான் கெடக்கு. போயி பாத்துக்கிட்டு வாங்க."

பொறியாளர் உண்மையாகவே போய் மதகைப் பார்த்துவிட்டு வந்தார். மூடித்தான் இருந்தது. வாய்க்காலுக்கு அப்பால் அந்த அக்காவின் நாற்றங்கால் தெரிந்தது. ஒரு சொட்டைகூட இல்லாமல், அடர்ந்த பச்சை. காற்று அடித்தபோது மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நான் பாட்டிலைப் பிடித்து மருந்து ஊற்றிக் குலுக்கினேன். பழுப்பு. யாரும் கழுவிவிடாத பழுப்பு.

படிவத்தை எடுத்து நிறம் எழுதினேன். அடுத்த கட்டத்துக்காக மூக்கை இழுத்தேன். ஈரமும் நாற்றுப் பச்சையும். அந்த அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோந்து பாத்துத்தான் எழுதுவீங்களா? என்ன எழுதுனீங்க?"

"நாத்தம் இல்லன்னு."

ஆலை மேற்பார்வையாளர் வழக்கம்போல வெள்ளை வேட்டியில், கொஞ்சம் தள்ளி, மரநிழலில் நின்றிருந்தார். காலனி மக்கள் கரையில் நின்றார்கள். அந்த அக்கா அவர்களைப் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"ஒருதரம் சத்தமா சொல்லுங்கம்மா."

நான் ஜீப்பின் படியில் ஏறி நின்று, கத்துவதில் எனக்கு உள்ள பழக்கத்தை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். காலனி வாய்க்காலில் நாற்றம் இல்லை என்று, அரசாங்கத்தின் மூக்கு சொல்கிறது என்று. யாரோ கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் மரத்தில் என்ன பறவை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்கா கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினார். "போன தடவ நான் உங்கள வீட்டுக்கு வாங்கன்னு கூப்புடலீங்கம்மா" என்றார். "கூப்புடுற மாதிரியா இருந்துச்சு. இப்ப வாங்க."

போனோம். புழுங்கல் அரிசிச் சோறும் கெண்டை மீன் குழம்பும் வைத்திருந்தார். மீன் எங்கே வாங்கினது என்று பொறியாளர் கேட்டார். அக்கா வாய்க்காலைக் கை காட்டினார். நான் மறுபடியும் போட்டுக்கொண்டேன்.